வாசலில் சொல்ல வேண்டிய காரணம்

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி பிரெஞ்சு வகுப்பின் சட்டதிட்டங்களைப் பட்டியல் போட்டிருந்தாள். எல்லோரும் சிரித்தீர்கள், ஆளுக்கு ஒன்று சேர்த்தீர்கள். மிஸ் உள்ளே வந்ததும் எழுந்து நின்று ‘போன்ழூர் மதாம்’ சொல்ல வேண்டும். பலகையின் வலது மூலையில் அன்றைய தேதியைப் பிரெஞ்சில் எழுத வேண்டும். ஆண்பால் சொல்லுக்கு நீல மை, பெண்பால் சொல்லுக்குச் சிவப்பு மை. நோட்டுக்குப் பழுப்பு அட்டை, லேபிள் கோணாமல் இருக்க வேண்டும். வகுப்புக்குள் வாயில் தமிழ் வந்துவிட்டால் தானாகவே எழுந்து வெளியே போய், மணி அடிக்கும் வரை நிற்க வேண்டும்; மிஸ் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. நான் மட்டும் ஒரு கட்டைவிரல்கூடத் தூக்கவில்லையே, என்னடி கண் ஆபரேஷனா என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

கண் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டியலில் வாசல் விதி இல்லை. நாற்பத்தொரு பேரில் ஒருத்திக்குக்கூட அது ஞாபகம் வரவில்லையா, இல்லை என்னைப் போலவே ஞாபகம் வந்தும் வாயை மூடிக்கொண்டீர்களா தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுமை இல்லாதவர்கள் போய்ப் பேரனுக்குப் பால் ஆற்றுங்கள்.

நாம் பிரெஞ்சு படித்ததே ஒரு கூத்து. பத்தாவது வரை தமிழ் படித்தவர்கள் நாம். பிளஸ் ஒன் சேர்ந்த முதல் நாள் ஹெச்.எம். வந்து, சயின்ஸ் குரூப் மொத்தத்துக்கும் இனி பிரெஞ்சுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழில் கை ஒடிய எழுதினாலும் மார்க்கைக் கிள்ளித்தான் போடுவார்கள், பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. தாம்பரத்தில் நம்மில் ஒருத்தியும் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கண்ணால் பார்த்தது கிடையாது. கோவிலம்பாக்கத்துக்காரியின் அப்பா, இதைப் படித்தால் பிள்ளையைக் கப்பலில் அனுப்ப வேண்டியிருக்குமா என்று ஆபீஸ் ரூமில் போய்க் கேட்டாராம். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாருக்குமே பதில் தெரியாது.

அந்த அறிவிப்பு வந்த அன்று அழுதவள் ஒருத்திதான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்தவள். உங்களில் சிலருக்கு இப்போதே முகம் ஞாபகம் வந்திருக்கும். பெயரை எழுத மாட்டேன். அவளைக் கேட்காமல் ஒருமுறை சொன்னதே போதும், அதைப் பற்றித்தான் இந்தக் கதை. பத்தாவதில் தமிழில் பள்ளியிலேயே முதலாக வந்தவள் அவள். பேசுவது மட்டும் பச்சை மெட்ராஸ் பாஷை, கீது, வந்துகினு என்றுதான் வாயில் வரும். நாம் அதைச் சொல்லிக் காட்டிக் கேலி செய்வோம். அப்பா பல்லாவரம் பக்கம் கல் உடைக்கிற வேலை. அவளும் நானும் வாசலை ஒட்டிய முதல் பெஞ்ச்.

மிஸ் பாண்டிச்சேரிக்காரர். பல்லாவரத்தில் அக்காவோடு தங்கியிருந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டுவார். வராந்தாவில் அது சரசரக்கும் சத்தம் கேட்டாலே நாம் பாதி எழுந்து நிற்போம். சாக்பீஸைக் கையால் தொட மாட்டார். பித்தளையில் சின்னக் குழல் ஒன்று வைத்திருப்பார், அதில் சொருகித்தான் எழுதுவார். கிட்டே போனால் ஓடிகொலோன் வாசனை அடிக்கும். வகுப்பில் பிரெஞ்சு பேசுவார், நமக்கு ஒன்றும் புரியாதபோது ஆங்கிலம். தமிழ் கிடையவே கிடையாது. அவர்தான் நமக்கு வகுப்பாசிரியையும் என்பதால் தினமும் முதல் பீரியட் பிரெஞ்சு, அட்டெண்டன்ஸ் அவர் கையில்.

இப்போது வாசல் விதி. எட்டரைக்குப் பிறகு வருகிறவள் வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும். கதவை இரண்டு முறை தட்ட வேண்டும். தாமதத்துக்கான காரணத்தைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். மிஸ் ‘ஆந்த்ரே’, அதாவது உள்ளே வா, என்று சொன்னால்தான் காலை எடுத்து வைக்கலாம். மூன்று நாள் தாமதம் ஒரு நாள் ஆப்சென்ட். கிளாஸ் லீடர் என்கிற முறையில் யார், என்ன காரணம் என்று ஒரு நோட்டில் நான் குறித்துக்கொள்வேன். ஐந்தாவது பாடத்தில் காரணங்கள் மூன்றுதான் இருந்தன. எனக்கு உடம்பு சரியில்லை. ரயில் தாமதம். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

உடம்பு சரியில்லை என்றால் மிஸ் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ரயில் என்றால் வாயைத் திறக்கவே கூடாது, அவரே அந்த லைனில் வருகிறவர். மிச்சம் இருந்தது அம்மா. அதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். குரோம்பேட்டை வீட்டில் தூங்கிப்போய், அடுத்த வண்டியைப் பிடித்து, ஓடி வந்து கதவைத் தட்டி, ‘மா மேர் ஏ மலாத்’ என்று ஒரு போடு போட்டேன். மிஸ் முகம் இளகிப்போய், அம்மாவைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொன்னார். அந்த நேரம் என் அம்மா வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தலைவலி என்று நான் கேட்டதே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தீர்கள். ஆறு மாதத்தில் நம் வகுப்பில் இருந்த அத்தனை அம்மாக்களும் படுத்த படுக்கை. ஒரு ராகம்கூட வந்துவிட்டது அந்த வாக்கியத்துக்கு.

பிளஸ் டூவில் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி தினமும் தாமதமாக வர ஆரம்பித்தாள். அவளும் அதே வாக்கியம்தான் சொன்னாள். ராகம் மட்டும் போட மாட்டாள். நான் நோட்டில் குறிப்பேன். தேவலையே, இவளும் நம் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் எனக்கும் வண்டி தப்பிப்போய், அடுத்ததில் ஏறினேன். குரோம்பேட்டையை விட்டால் சானடோரியம், அடுத்தது தாம்பரம். சானடோரியத்தில் லேடீஸ் பெட்டியில் அவள் ஏறினாள். கையில் ஒயர் கூடை, அதில் ஒரு தூக்கும் பிளாஸ்க்கும். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள், ஆனால் பெட்டியில் நாங்கள் இரண்டு பேர்தான் யூனிஃபார்ம் தாவணி, எங்கே ஒளிவது? உன் வீடு ராஜகீழ்ப்பாக்கந்தானே, இங்கே எங்கே ஏறுகிறாய் என்று கேட்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான் சொன்னாள்.

“அம்மா இங்க கீது. ஜூன்லேர்ந்து.”

நம் பக்கத்தில் சானடோரியத்தில் இருக்கிறார்கள் என்றால் அப்போது வேறு விளக்கம் வேண்டாம். டி.பி. ஆஸ்பத்திரி; ஒட்டிக்கொள்கிற நெஞ்சு நோய். சம்பந்தம் பேசுகிற இடத்தில் அந்த ஸ்டேஷன் பெயரையே சொல்ல மாட்டார்கள். அங்கே கொடுக்கிற சாப்பாடு அம்மாவுக்கு இறங்கவில்லை, விடியக்காலையில் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் தாம்பரம் வந்து, ரயில் மாறி, எட்டு மணிக்கு உள்ளே விட்டதும் ஊட்டிவிட்டு வருகிறேன் என்றாள். அப்பாவுக்கு ஆறு மணிக்கே வேலைக்குப் போயாக வேண்டும். இதையெல்லாம் பஸ் நம்பர் சொல்வதைப் போலச் சொன்னாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா எம் பக்கத்துல ஒருத்தியும் குந்த மாட்டா. நீ கும்புடற சாமி மேல சொல்லு.”

சொன்னேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகக் கதவைத் தட்டி ஒன்றாகவே அந்த வாக்கியத்தைச் சொன்னோம். அவள் சொன்னது நிஜம், நான் சொன்னது பொய். மிஸ் இரண்டு பேரையும் ஒரே மாதிரி பார்த்து ‘ஆந்த்ரே’ என்றார்.

எல்லாம் கெட்டது நவம்பரில் மழை பெய்த ஒரு திங்கட்கிழமை. ஏழு பேர் வரிசையாக நின்று, ஒருத்தி பின் ஒருத்தியாக அதே ராகத்தில் அம்மாவைப் படுக்க வைத்தீர்கள். ஏழாவது ஆள் சொல்லும்போது வகுப்பே சிரித்தது. மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பித்தளைக் குழலை மேஜையில் ஒரு தட்டுத் தட்டி ஆங்கிலத்தில் அறிவித்தார்: இந்த வாக்கியம் இனி இந்த வாசலில் செல்லாது. சொல்கிறவள் பீரியட் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும், அன்றைக்கு முழு நாள் ஆப்சென்ட். அவர்மேலும் தப்பில்லை. ஒன்றரை வருஷம் நாம் அவரை ஏமாற்றியிருக்கிறோம்.

எட்டாவது ஆளாக அவள் வந்தாள். மழையில் தாவணி நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது. இரண்டு முறை தட்டினாள். ‘மா மேர் ஏ மலாத்’ என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். மிஸ் வெளியே என்று கை காட்டினார்.

சரி, தெரியாமல் சொல்லிவிட்டாள், நாளையிலிருந்து வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும். மூன்று வாரம் முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நின்றாள், மூன்று வாரமும் ஆப்சென்ட். திமிர் என்று நினைத்தார் மிஸ். சாப்பாட்டு வேளையில் நான் அவளிடம் கெஞ்சினேன். ரயில் வாக்கியத்தில் பஸ்ஸைப் போட்டு லேட் என்று சொல்லித் தொலையேன், எப்படியாவது உள்ளே வா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“நெசத்த சொல்றதுக்கு எனக்கு இது ஒண்ணுதான் கீது,” என்றாள். “தமிழ்ல சொல்ல முடியாது. இதயும் வுட்டுட்டா?”

எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒரு சின்னப் பொய்யில் என்ன வந்துவிடும்? ஊரே சொல்கிற பொய். டிசம்பர் முதல் வாரத்தில் மிஸ் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியலைப் படித்தார். அதில் ஒரே பெயர்தான் இருந்தது. இப்படியே போனால் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்றார். அவள் தலை குனிந்து தன் நோட்டில் சிவப்பு மையில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள். ஹால் டிக்கெட் வராவிட்டால் மறு வருஷம் படிக்க வைக்க யாரும் இல்லை, கல் உடைக்கிற இடத்துக்கு அப்பாவோடு போக வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. சாமி மேல் சத்தியம் செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் கதவை இரண்டு முறை தட்டினேன். மிஸ் தனியாகப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அவள் சொல்வது நிஜம் மிஸ், சானடோரியத்தில் இருக்கிறார்கள், ஜூனிலிருந்து, நான் பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் தடுமாறிச் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு ரெஜிஸ்டரை எடுத்து, அந்த மூன்று வாரத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். என் கண் எதிரில். நான் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி வீட்டுக்குப் போனேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மிஸ் நல்ல எண்ணத்தில் ஹெச்.எம்.மிடம் சொன்னார். ஹெச்.எம். மற்ற டீச்சர்களிடம். இரண்டே நாளில் யார் யார் வீட்டுக்கோ தெரிந்து, ஒருத்தியின் அம்மா ஆபீஸ் ரூமில் வந்து சண்டை போட்டார். அவளிடம் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்து வந்தாள், ஒன்றும் இல்லை. அப்படியும் திங்கட்கிழமை மிஸ் அவளுக்கு ஜன்னலோரம் தனி பெஞ்ச் போட்டார். உனக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், நான் சாட்சி. அவள் பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அவள் பக்கத்திலிருந்து எழுந்து இரண்டாவது பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டேன். என் அம்மா சொன்னாள், அதனால் மாறினேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். அம்மா சொன்னது வெள்ளிக்கிழமை. நான் மாறியது வியாழக்கிழமை. அவளை ஜன்னலுக்கு அனுப்பிய பிறகு வாசல் பெஞ்சுக்கே திரும்பி வந்துவிட்டேன், முதலில் பெஞ்சை ஈரத்துணியால் துடைத்துவிட்டு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. குழாயடியில் ஒரு தடவை, நீதான் சொன்னாய் என்று தெரியும் என்றாள். திட்டுவாள் என்று நின்றேன். டம்ளரைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

இனி நீ காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், நேராக உள்ளே வா என்று மிஸ் அவளுக்குச் சலுகை கொடுத்தார். அவள் கேட்கவில்லை. தினமும் எட்டே முக்காலுக்கு வாசலில் நின்று, இரண்டு முறை தட்டி, அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். இப்போது எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவள் ஒருத்திதான் மிச்சம். மற்ற அம்மாக்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் குணமாகிவிட்டார்கள்.

ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சை எழுதினாள், பிரெஞ்சில் நம் எல்லோரையும் விட அதிகம். பிறகு எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். இருந்தாலும் எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த நாள் ஒன்று இருக்கிறது.

அன்று நான் எட்டே காலுக்கு வந்தேன். அவள் எனக்கு முன்பே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. புடவை சரசரத்தது, எழுந்து நின்றோம், போன்ழூர் மதாம். மிஸ் அட்டெண்டன்ஸை விரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, அவளைக் கண்டார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். ‘ட்ரே பியான்’ என்றார், ரொம்ப நல்லது. நேரத்துக்கு வந்துவிட்டாளே என்று கை தட்டினார். மிஸ் தட்டியதும் நாமும் தட்டினோம். நானும் தட்டினேன், மற்றவர்களைவிடப் பலமாக, ஏதோ ஒரு பாரம் இறங்கிவிட்டது என்று.

கைதட்டல் ஓய்ந்ததும் மிஸ் மெதுவாக, நமக்கெல்லாம் புரிகிற எளிய பிரெஞ்சில், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் எழுந்தாள். நலம், பரவாயில்லை, உடம்பு சரியில்லை, இவ்வளவுதான் நம் பாடத்தில் இருந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள், பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா இல்ல மிஸ். போகி அன்னிக்குப் பூட்டாங்க.”

தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும், யாரும் எதுவும் சொல்வதற்குள், பெஞ்சை விட்டு வெளியே வந்து, நம் எல்லோருக்கும் முன்னால் நடந்து, வாசலைத் தாண்டி, கதவுக்கு இடது பக்கம் போய் நின்றுகொண்டாள். தமிழ் பேசிவிட்டாள் அல்லவா, விதி.

மிஸ் ‘ஆந்த்ரே’ என்றார். அவள் வரவில்லை. இன்னொரு தடவை ‘ஆந்த்ரே’ என்றார். அவள் அசையவில்லை. மிஸ் பலகைப் பக்கம் திரும்பி, அங்கே ஏற்கெனவே எழுதியிருந்த தேதிக்குக் கீழே இன்னொரு முறை அதே தேதியை எழுதினார்.

மணி அடிக்க இன்னும் அரை மணி இருந்தது. நாற்பத்தொரு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வாசல் பெஞ்சில் இருந்தவள் நான். அவள் தாவணி முனை காற்றில் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து வந்து போனது, கை நீட்டினால் தொட்டிருக்கலாம். ஒரு வார்த்தை தமிழில் பேசினால் போதும், விதிப்படி என்னையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் போனால் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.